தேசம்மா அக்காவின் ஒன்பது அழைப்புகள்

1

என் அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. இந்தக் கோடையின் தொடக்கத்தில் அவருக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது.

"மதிப்பிற்குரிய ஏகாம்பரம் அவர்களே, உங்கள் வட்டாரத்துக்கு என்ன தேவை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று ஆரம்பித்தது. வாசல் கதவில் கடிதம் போடும் துளை வழியாக விழுந்து மிதியடி மேல் கிடந்தது. குனிந்து எடுத்தபோது ஒரு கணம் கை நின்றது உண்மை. இத்தனை வருடமாகியும் அது பழகவில்லை.

பேய்க்கதை ஒன்றும் இல்லை. நெதர்லாந்துக்கு வந்த முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் இரண்டு கட்டங்கள், ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் அப்பா பெயர். அந்த இன்னொன்றை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மின்சாரக் கம்பெனிக்கும் பல் டாக்டருக்கும் நான்தான் ஏகாம்பரம். ஒருமுறை மாற்றலாம் என்று கவுண்டரில் போய் நின்றேன். நான் ஏகாம்பரம் இல்லை என்பதற்கு ஏதாவது சான்று இருக்கிறதா என்று அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். இங்கேயே பிறந்த என் மகள் இனியாவும் பள்ளியில் ஏகாம்பரம்தான். பார்த்தே இராத தாத்தாவின் பெயருக்கு அவள் தினமும் கை தூக்குகிறாள்.

கடிதத்துக்கு வருகிறேன். தெருவுக்கு விளையாட்டுத் திடல் வேண்டுமா, சைக்கிள் பாதைக்கு விளக்கு வேண்டுமா, பெஞ்சு வேண்டுமா, போனில் வாக்களிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். கடைசி வரியில் "தொடங்குவதற்கு முதலில் உங்கள் அடையாள எண்ணைத் தரவும்" என்று இருந்தது. கடிதத்தை மடித்துப் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் செருகி வைத்தேன். அதற்கான காரணத்தை அதுவரை ஊரில் யாருக்கும் நான் சொன்னதில்லை. உங்களுக்கும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை தாண்டி உள்ளே போகவேண்டும். ஷேர் ஆட்டோ ரோட்டில் இறக்கிவிடும், மீதி நடைதான். அங்கே ஒருவரிடம் வீட்டு எண் என்ன என்று கேட்டால் கதவைத் திரும்பிப் பார்ப்பார். தறி எண் என்ன என்று கேட்டால் பட்டென்று சொல்வார். பட்டு நூல் வாங்குவதிலிருந்து தீபாவளி முன்பணம் வரை எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். என் அப்பா நெசவாளர் சங்கத்தில் எழுத்தர். தறிப் பதிவேடு அவர் கையில் இருந்தது. சின்ன வயதில் நான் ஆட்களைப் பெயரால் ஞாபகம் வைத்ததைவிட எண்ணால் ஞாபகம் வைத்ததுதான் அதிகம். பதினான்கு என்றால் தெருக்கோடி வீடு, எழுபத்திரண்டு என்றால் கோபக்காரர்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஊரில் கிராம சபை கூடவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஆளாளுக்கு எனக்குப் போன் செய்தார்கள். நானும் இங்கே வீட்டில் அடைந்து கிடந்தேன். கம்ப்யூட்டர் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஊருக்கு ஏதாவது செய்யலாமே என்று ஒரு தொலைபேசி ஏற்பாடு செய்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பேசலாம். ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டுக் குறையைச் சொன்னால் பதிவாகும். மற்றவர்கள் அதைக் கேட்டு, ஆதரவு என்றால் ஒன்றை அழுத்தலாம். அதிக ஆதரவு பெற்றவை ஊராட்சிக்குப் போகும், சபை கூடும்போது அந்த வரிசையில் படிக்கப்படும்.

அறிவிப்புக்கு என் குரலையே கொடுத்தேன். எதிரொலி வராமல் இருக்க அலமாரிக்குள் குளிர்கோட்டுகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பேசினேன். "வணக்கம். முதலில் உங்கள் தறி எண்ணைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் குறையைச் சொல்லுங்கள்."

ஒரே ஆள் பத்து முறை கூப்பிட்டுக் குழப்பக் கூடாது, வெளியூர்க்காரர் நுழையக் கூடாது. அதற்கு ஓர் எண் வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எண் எது? எனக்கு ஒரு நிமிடம்கூட யோசனை தேவைப்படவில்லை. அப்பாவின் பதிவேட்டை ஆதாரமாக வைத்துப் பட்டியலை ஏற்றினேன். தறி எண் சொல்லாத அழைப்புகள் "முழுமையற்றவை" என்று தனியாகப் போய்விழும்படி செய்தேன். சின்னப் பசங்கள் விளையாட்டுக்குக் கூப்பிடுவார்கள் அல்லவா, அதற்காக.

ஊரே மெச்சியது. ஒரு பத்திரிகையில் என் படம் வந்தது. கடல் கடந்தும் கிராம சபையைக் கூட்டியவர் என்று கீழே போட்டிருந்தார்கள். அதை வெட்டிச் சட்டம் போட்டேன். இப்போது அது பரணில் இருக்கிறது.

3

தேசம்மா அக்காவுக்குத் தறி கிடையாது.

தறியில் நீளவாக்கில் பூட்டிய நூலான பாவு ஒன்று நெய்து முடிந்ததும், பழைய பாவின் ஒவ்வோர் இழையின் நுனியோடும் புதிய பாவின் இழை நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, திரித்து ஒட்டவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதைப் பிணைத்தால்தான் அடுத்த சேலை தறியில் ஏறும். அந்த வேலைக்கு அக்காவைத்தான் எல்லா வீட்டிலும் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் அவர் கைபடாத தறி இருந்திருக்காது. எல்லா எண்களும் அவருக்குத் தெரியும், அவருக்கென்று ஓர் எண் இல்லை.

அவர் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்கே இருந்த பத்துப் பன்னிரண்டு வீடுகளும் அப்படித்தான். கழனி வேலை, நூல் சுற்றுவது, சாயப் பட்டறையில் கூலி. தறி வைக்க இடமும் இல்லை, வசதியும் இல்லை. வாய்க்காலைக் கடக்க, உடைந்துபோன ஒரு சிமெண்டு மின்கம்பத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் அதன் மேல் பாசி பிடிக்கும்.

ஒரு மழைநாளில் ஊராட்சிச் செயலர் கலைச்செல்வி போன் செய்தாள். பக்கத்துத் தெருப் பெண், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, தேசம்மாக்கா கம்பத்துல வழுக்கி வாய்க்கால்ல வுழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு ரெண்டா போயிடுச்சி. இனிமே பிணைக்க முடியாதுன்றாங்க."

"அந்தக் கம்பத்தைப் பத்தி நம்ம நம்பருக்குப் புகார் எதுவும் வரலையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு கூட வரலண்ணா. வந்திருந்தா சபையில வெச்சிருப்பனே."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி, ஒன்றும் இல்லை. அப்பாடா என்றுகூட இருந்தது. அப்புறம் என்னவோ தோன்றி, அதுவரை ஒருமுறைகூடத் திறக்காத "முழுமையற்றவை"யைத் திறந்தேன். மேலேயே இருந்தது. ஒரே எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள்.

முதல் அழைப்பில் குரலில் சந்தோஷம். "யாரு, ஏகாம்பரம் பையனா? நல்லா இருக்கியாப்பா? தறி நம்பரு கேக்கற. எனக்கேது தறி? நான் பிணைக்கிறவ, தெரியாதா உனுக்கு? வாய்க்காலுக்கு ஒரு சின்னப் பாலம் போடச் சொல்லுப்பா. அந்தக் கம்பம் வழுக்குது."

நான்காவதில் கொஞ்சம் தயக்கம். "நாலு தபா சொல்லிட்டேன் தம்பி. நீ பாட்டுக்குத் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கினு இருக்கிற."

ஏழாவதில் இப்படி. "நான் பிணைக்கப் போற வூட்ல நூத்திப் பன்னெண்டுன்னு அவங்க நம்பர சொல்லச் சொல்றாங்க. அது அவங்க தறி. நாளைக்கி அவங்களுக்கு வரவேண்டியது ஏதாச்சும் நின்னுபோச்சின்னா பாவம். நம்பரு இல்லாமலே எழுதிக்க."

ஒன்பதாவது மிகவும் சின்னது. "சரிப்பா, உனுக்கு வேலையிருக்கும்." பின்னால் மழைச் சத்தம்.

அவர் இயந்திரத்தோடு பேசவில்லை. என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது முறையும் பேசியிருக்கிறார்.

நான் செய்திருக்க வேண்டியது எளிது. கலைச்செல்வியைக் கூப்பிட்டு, "வந்திருக்கும்மா, நான்தான் பார்க்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். அந்த எண் கேட்கும் விதியை எடுத்திருக்கலாம். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். சட்டம் போட்ட படம் அப்போது வரவேற்பறைச் சுவரில் இருந்தது. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அக்காவைப் பார்க்கப் போனேன். அந்தக் கம்பத்தின் மேல்தான் நடந்துபோனேன். இடது கையால் டீ ஆற்றிக் கொடுத்தார். வலது கை மடியில் கிடந்தது.

"உன் குரல போன்ல கேட்டுக்கினே இருப்பேன் தம்பி. அப்பன் மாதிரியே பேசற," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த வருடம் ஏதோ காய்ச்சலில் அவர் இறந்துபோனார். அதன் பிறகு சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போதும், ரயிலில் கண்ணை மூடும்போதும், அந்த ஒன்பதாவது அழைப்பு காதுக்குள் ஓடும். சரிப்பா, உனுக்கு வேலையிருக்கும்.

4

இனியாவுக்குப் பதினாறு வயது. தமிழ் அவளுக்குச் சாப்பாட்டு மேசை வரைக்கும்தான். ரசம் வேண்டும், போதும், தூக்கம் வருகிறது. அதற்கு மேல் போனால் டச்சுக்குத் தாவிவிடுவாள், நானும் பின்னாலேயே தாவுவேன். இந்த வருடம் அவள் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் குடும்பம் ஊர் நிர்வாகத்தில் எப்படிப் பங்கெடுக்கிறது என்று சொல்லவேண்டும். நல்லதாக இருப்பவற்றை, எங்கள் வட்டார வாக்கெடுப்பு முடிவைச் சொல்லும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் காட்டுவார்கள்.

"உங்க கிராமத்து போன் விஷயத்தைப் பண்றேன்பா," என்றாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

பழைய கணினியை அவளே எடுத்துக் குடைந்தாள். ஒருநாள் மாலை காதில் ஹெட்போனோடு வந்து, "இந்தப் பாட்டி உங்களுக்கு ஒன்பது தடவை போன் பண்ணியிருக்காங்க, உங்களை ரொம்பப் பிடிக்குமா? என்ன சொல்றாங்க?" என்று முதல் அழைப்பைப் போட்டாள்.

சமையலறையில் தேசம்மா அக்கா பேசினார். யாரு, ஏகாம்பரம் பையனா? நல்லா இருக்கியாப்பா?

"நன்றி சொல்றாங்க," என்றேன்.

"இவ்வளவு நீளமா நன்றியா?"

"ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு."

அவள் நம்பினாள். என் மகள் என்னை நம்பாமல் யாரை நம்புவாள்? அந்தக் குரல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே நின்றேன்.

கூட்டம் வட்டார மண்டபத்தில் நடந்தது. காபி, பிஸ்கட், மடக்கு நாற்காலிகள். சைக்கிள் பாதை விளக்கு ஜெயித்திருந்தது. பிறகு இனியா மேடையேறினாள். திரையில் எங்கள் ஊர்த் தெரு. ஒலிபெருக்கியில் தேசம்மா அக்கா, வாய்க்காலுக்கு ஒரு சின்னப் பாலம் போடச் சொல்லுப்பா என்று கேட்டார். கீழே டச்சு எழுத்தில், "நன்றி தம்பி, உன்னால்தான் எங்கள் குரல் கேட்கிறது" என்று ஓடியது.

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் என் தோளைத் தட்டி, "ஏகாம்பரம், பெருமையாக இருக்கிறது" என்றார். அந்த மண்டபத்தில் அக்கா என்ன கேட்கிறார் என்று புரிந்தவன் நான் ஒருவன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

5

திரும்பும்போது இருவரும் சைக்கிளில் வந்தோம். கால்வாய்ப் பாலம் ஒன்று வரும். இங்கே நூறடிக்கு ஒரு பாலம். அதன் நடுவில் என்னால் மிதிக்க முடியவில்லை. இறங்கி நின்றுவிட்டேன். அவளும் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது அழைப்புகளையும் வரிக்கு வரி சொன்னேன். எனக்கு மனப்பாடம்.

அவள் சைக்கிளைப் பாலத்தின் கம்பியில் சாய்த்தாள். "அவங்க பாலம் கேட்டதை நான் நன்றின்னு போட்டுட்டேன்," என்றாள்.

"நான் சொல்லித்தானே போட்டே. தப்பு என்னுது."

"அந்த நம்பரை ஏன்பா கேட்டீங்க?"

"ஊர்ல எல்லாருக்கும் அது இருக்கும்னு நினைச்சேன்."

"உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும்," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்சம் கழித்து, "இப்பவும் அந்த போன் அதைத்தான் கேக்குதா?" என்றாள்.

அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கிராம சபை பழையபடி கூட ஆரம்பித்த பிறகும் ஊராட்சி அந்த எண்ணைக் கைவிடவில்லை. கலைச்செல்வி அதை நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தாள். என் குரல் இத்தனை வருடமும் ஊரில் தறி எண் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். இனியா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். விதியை நீக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்தே நிமிட வேலை. நீக்கியதும், இத்தனை நாள் ஒதுக்கப்பட்டிருந்த அழைப்புகள் எல்லாம், தேதி வரிசைப்படி, ஊராட்சியின் பட்டியலுக்குத் தாமாகவே போய்விட்டன. அது அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். தடுக்கவில்லை.

மறுநாள் காலை கலைச்செல்வி கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அண்ணா, சிஸ்டம்ல ஏதோ ஆயிருக்குது. புதுசா நெறைய புகாரு வந்து நிக்கிது. எல்லாம் வாய்க்காலுக்கு அந்தாண்ட ஆளுங்க. மொத புகாரு தேசம்மாக்கா குரல்ல வந்திருக்குதுண்ணா. அவங்கதான் செத்துட்டாங்களே. அழிச்சிடட்டுமா?"

"அழிக்காதம்மா. அது அவங்க பேசினதுதான். நான்தான் உள்ளேயே வெச்சிருந்தேன்," என்றேன். முழுவதையும் சொன்னேன்.

கடைசியில், "கம்பம் இன்னும் அங்கதாண்ணா கெடக்குது," என்றாள். "பதினஞ்சாந்தேதி சபையில வெக்கிறேன். நீங்களும் வீடியோல வரணும். நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்."

6

ஆகஸ்ட் பதினைந்து. அங்கே பதினோரு மணி, இங்கே காலை ஏழரை. இனியா பள்ளி விடுமுறைத் தூக்கத்தை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி, ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். கலைச்செல்வி போனை மேசை மேல் சாய்த்து வைத்திருந்தாள். பாதித் திரை வானம், மீதியில் தலைகள். கொடியேற்றியதும் கொடுத்த மிட்டாயைப் பிள்ளைகள் சப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் புகார் என்று சொல்லி அவள் மைக்கில் முதல் அழைப்பைப் போட்டாள்.

தேசம்மா அக்காவின் குரல் ஊருக்கு நடுவே கேட்டது. பேச்சுச் சத்தம் ஒவ்வொரு நாற்காலி வரிசையாக அடங்கியது. அவர் பிணைத்த பாவில் நெய்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். ஒருவர் துண்டால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

பிறகு நான் பேசினேன். தறி எண் கேட்டது என் யோசனை என்றேன். ஒன்பது முறை அவர் கூப்பிட்டதைப் பார்க்கவில்லை, பார்த்த பிறகும் மறைத்தேன் என்றேன். அவர் கையிலிருந்து டீ வாங்கிக் குடித்தபோதும் சொல்லவில்லை என்றேன். எழுதி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தாளைப் பார்க்கவே இல்லை.

ஊராட்சித் தலைவர் மைக்கை வாங்கி, பாலத்துக்கு ஒப்புதல் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார். கைகள் எழுந்தன. திரைக்கு வெளியே எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. நிறைவேறியது என்று கலைச்செல்வி எழுதினாள். ஒரு நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

அடுத்த புகாருக்குப் போகப் போனார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து முன்னால் வந்தாள். ராணி, தேசம்மா அக்காவின் மருமகள். நான் டீ குடித்த அன்று அடுப்படியில் நின்றிருந்தவள். மைக்கை வாங்கவில்லை. நேராக மேசைக்கு வந்து, போனுக்கு முன்னால் குனிந்தாள். திரை முழுக்க அவள் முகம்.

"இந்தக் குரலுதான்," என்றாள் கலைச்செல்வியிடம். "எங்க அத்தை இதோடதான் பேசிக்கினு இருக்கும். கேக்கும் கேக்கும்னு சொல்லும். எனக்கு அப்பவே சந்தேகம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப பேசனது ரிக்கார்டா, இல்ல ஆளா?"

"ஆளுதாம்மா," என்றேன்.

"நான் பேசனா கேக்குதா?"

"கேக்குதும்மா."

"அப்ப கேளுங்க," என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். கை முறிந்த பிறகு வீட்டில் அடுப்பு எரியாத நாட்களை, கடைசி வரை அத்தை அந்தப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டதை, தான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டபோதும் இதே குரல் இதே கேள்வியைக் கேட்டதை, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். இனியா என் முழங்கையைத் தொட்டாள். நான் ஒவ்வொரு வரியாக அவளுக்கு டச்சில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை.